கோழிக்கு மூச்சு வாங்கினால் கத்தியை எடுக்காதீர்கள்

இன்று அரங்கில் எடுத்துக்கொண்ட விஷயம் மிகச் சிறியதாகத் தெரியலாம். ஒரு கோழி. அதுவும் நோயுற்ற கோழி. ‘இதற்கெல்லாம் ஒரு பேச்சா?’ என்று சிலர் சிரிக்கவும் கூடும். சிரிப்பவர்கள் பெரும்பாலும் கோழியைத் தட்டில் மட்டும் பார்த்தவர்கள்.

பினாங்கில், ஜார்ஜ்டவுனை ஒட்டிய ஜெலுத்தோங், ஆயர் ஈத்தாம் பக்கம் பின்கட்டில் கொஞ்சம் மண் உள்ள வீடுகளை எண்ணிப் பாருங்கள். தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்கு வந்த குடும்பங்கள் எத்தனையோ பழக்கங்களை விட்டுவிட்டன. இரண்டு கம்பத்துக் கோழி வளர்க்கும் ஆசையைச் சில குடும்பங்கள் இன்னும் விடவில்லை. (மாநகர் மன்றத்தின் விதி என்ன, பக்கத்து வீட்டுக்காரர் என்ன சொல்கிறார் என்று கேட்டுக்கொண்டு வளர்ப்பது நல்லது. சேவல் விடியற்காலை நாலு மணிக்கே கூவத் தொடங்கிவிடும்.) முட்டைக்கு என்று வாங்கியதுதான். ஆனால் வீட்டுப் பிள்ளை அதற்கு ஒரு பெயர் வைத்துவிட்டால், அதன் பிறகு அது கோழி அல்ல. வீட்டில் ஓர் ஆள்.

அந்தக் கோழி ஒரு நாள் காலையில் கழுத்தை நீட்டி, அலகைத் திறந்து, ‘கொர்... கொர்...’ என்று மூச்சு விடுகிறது. தீனிக்கு ஓடி வரவில்லை. உடனே வீட்டில் இரண்டு குரல் கேட்கும். பாட்டி, ‘சின்ன வெங்காயமும் மஞ்சளும் அரைத்துத் தொண்டையில் ஊற்றுங்க, சளி போயிடும்’ என்பார். மாமா, ‘சாகறதுக்கு முன்னாடி அறுத்துடுங்க, வீணாப் போயிடும்’ என்பார். இருவருமே கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. தோட்ட வாழ்க்கை கற்றுக்கொடுத்த சிக்கனம் அது. ஆனால் இரண்டுமே தவறு. முதலாவது கோழிக்கு ஆபத்து. இரண்டாவது வீட்டிலுள்ள எல்லோருக்கும் ஆபத்து. எப்படி என்று பார்ப்போம்.

முதலில் கோழி எப்படி மூச்சு விடுகிறது என்பது தெரிய வேண்டும். மனிதனுக்கு நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உதரவிதானம் என்ற தசை இருக்கிறது. அது இறங்கினால் நுரையீரல் விரியும். கோழிக்கு அந்தத் தசையே கிடையாது. அதன் நுரையீரல் விலா எலும்போடு ஒட்டிக்கொண்டிருக்கும் சிறிய, விரியாத உறுப்பு. காற்றை இழுத்துத் தள்ளும் வேலையைச் செய்பவை உடம்பு முழுக்கப் பரவிக்கிடக்கும் காற்றுப் பைகள். பலூன் தோலைவிட மெல்லியவை. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் இந்தப் பைகள் துருத்தி போல வேலை செய்யும். காற்று நுரையீரல் வழியே ஒரே திசையில் போய்க்கொண்டே இருக்கும். உள்ளே இழுக்கும்போதும் புதுக்காற்று, வெளியே விடும்போதும் புதுக்காற்று. பறக்கும் பிராணிக்கு இயற்கை கொடுத்த அற்புதமான ஏற்பாடு இது.

ஆனால் அதே ஏற்பாட்டால் ஒரு கெடுதலும் உண்டு. நல்ல காற்றை எவ்வளவு நன்றாக உறிஞ்சுகிறதோ, கெட்ட காற்றையும் அவ்வளவு நன்றாக உறிஞ்சும். இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களில் விஷவாயு இருக்கிறதா என்று அறிய, கூண்டில் கேனரிக் குருவியை எடுத்துப் போனது இதனால்தான். 1986 வரை அந்த வழக்கம் இருந்தது. மனிதனுக்கு மயக்கம் வருமுன் குருவி சாய்ந்துவிடும்.

இதிலிருந்து இரண்டு விஷயங்களை உடனே பிடித்துக்கொள்ளலாம். ஒன்று, மூச்சு வாங்கும் கோழியை நெஞ்சோடு இறுக்கி அணைக்கக் கூடாது. பிள்ளைகள் பாசத்தில் அப்படித்தான் செய்வார்கள். நெஞ்செலும்பு அசைய இடமில்லாவிட்டால் கோழி நம் கையிலேயே மூச்சு முட்டிப் போகும். மல்லாக்கப் படுக்க வைத்தும் பார்க்கக் கூடாது. இறக்கையை மட்டும் லேசாக அடக்கி, நிமிர்ந்த நிலையில், அடியிலிருந்து தாங்கிப் பிடிக்க வேண்டும்.

இரண்டாவது, அந்த வெங்காயச் சாறு. கோழியின் வாயைத் திறந்து பார்த்தால் நாக்கின் அடியில் ஒரு சிறு பிளவு திறந்து திறந்து மூடுவது தெரியும். அதுதான் மூச்சுக்குழாயின் வாசல். மனிதனுக்கு இருப்பது போல அதற்கு மேலே மூடி இல்லை. மூச்சுக்குத் தவிக்கும் கோழியின் வாயைப் பிளந்து சாறோ, எண்ணெயோ, வெறும் தண்ணீரோ ஊற்றினால் அது நேராக உள்ளே இறங்கிவிடும். ‘நேற்று வரைக்கும் நல்லா இருந்துச்சு, மருந்து கொடுத்ததும் செத்துப்போச்சு’ என்று சொல்வார்களே, அதில் பாதி இந்தக் கதையாகத்தான் இருக்கும். தண்ணீர் கொடுத்தே ஆக வேண்டுமானால் அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு வைத்து, அதுவே விழுங்கும் வரை காத்திருந்து, அடுத்த சொட்டு. பொறுமை இல்லாதவர்கள் கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்துவிட்டு விலகிப் போவதே மேல்.

அடுத்தது, இது நோயா, வெறும் வெயிலா? பினாங்கின் மதிய வெயிலில் கோழி வாயைத் திறந்து இளைப்பது சாதாரணம். அதற்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. உடம்பின் சூடோ நம்மைவிட அதிகம், சுமார் 41 டிகிரி. இறக்கைகளை உடம்பிலிருந்து விலக்கி வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல், வேகமாக இளைத்தால் அது வெயில். நிழலும் குளிர்ந்த தண்ணீரும் கொடுத்தால் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். காலை ஏழு மணிக்கே இளைத்தால், சத்தம் வந்தால், ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆடினால், கண்ணில் நுரை கட்டினால், முகம் வீங்கினால், கொண்டை சிவப்பு மாறி நீலம் பாய்ந்தால் அது வெயில் அல்ல. கோழி தன் நோயை முடிந்த வரை மறைக்கும். காட்டில் தளர்ந்து தெரிகிற பறவையைத்தான் பருந்து முதலில் தூக்கும். ஆகவே நம் கண்ணுக்குத் தெரியும்போது நோய் ஏற்கெனவே சில நாள் ஓடியிருக்கும். ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்பது கோழிக் கணக்கில் ரொம்ப நீண்ட காலம்.

நோய் என்றதும் கிருமியை மட்டும் தேட வேண்டாம். செல்லக் கோழிக்கு வரும் மூச்சுத் தொல்லையில் வீட்டுக்காரர்களே வரவழைப்பதும் உண்டு. கூண்டு சமையலறைக்கு வெளியே இருக்கும். உள்ளே கொசுவர்த்தி, ஊதுபத்தி, வெள்ளிக்கிழமை சாம்பிராணி. சீனர்களின் ஏழாம் மாதத்தில் தெருமுனையில் ஆள் உயர ஊதுவத்திகள் நாள் கணக்கில் எரியும். 1997, 2015, 2019 ஆண்டுகளின் புகைமூட்டத்தைத் தீவில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அப்போது முகக்கவசம் போட்டுக்கொண்டது மனிதர்கள் மட்டுமே. ஒட்டாத சட்டியை அடுப்பில் காயவிட்டு மறந்துவிட்டால் அதன் பூச்சிலிருந்து எழும் ஆவி பக்கத்திலுள்ள பறவையைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும். வீட்டுக்குள் கூண்டு வைத்திருப்பவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

மழைக்காலத்தில் நனைந்த உமியும் மரத்தூளும் பூசணம் பிடிக்கும். அந்தப் பூசணத்தின் தூள் காற்றுப் பையில் போய் உட்கார்ந்து முளைக்கும். அது ஒட்டுவாரொட்டி அல்ல; ஆனால் மருந்துக்கு லேசில் மசியாது. எச்சம் நனைந்து கிடந்தால் அம்மோனியா எழும். கூண்டுக்குள் குனிந்து பாருங்கள். உங்கள் கண் எரிந்தால், இரவெல்லாம் அங்கேயே தூங்கும் கோழியின் தொண்டை என்ன ஆகும்?

தீனியும் ஒரு காரணம். மிச்சச் சோற்றை மட்டுமே தின்று வளரும் கோழிக்கு ‘ஏ’ உயிர்ச்சத்து குறைந்துபோகும். அப்போது மூக்கும் கண்ணும் ஒழுகும். வாய்க்குள் வெள்ளை வெள்ளையாகக் கொப்புளம் தெரியும். பார்ப்பவர்கள் சளி என்றே நினைப்பார்கள். வேலியோரம் நிற்கிற முருங்கைக் கீரையும், பழுத்துக் கிடக்கிற பப்பாளியும் அந்தக் குறை வராமல் தடுக்கும். வயதான பெட்டைக்கு வேறொன்று. முட்டை வெளியே வராமல் வயிற்றுக்குள் விழுந்து அழுகி, நீர் கோத்து, காற்றுப் பைகளை அழுத்தும். மூச்சு வாங்கும், நெஞ்சில் நோயே இருக்காது. நடை வாத்து போல இருக்கும், அடிவயிறு தண்ணீர்ப் பை போலத் தளும்பும்.

கிருமி நோய்கள் பல. முகம் வீங்கி, மூக்கு ஒழுகி, பக்கத்தில் போனாலே துர்நாற்றம் வீசினால் அது கொரைசா என்ற சளி நோயாக இருக்கலாம். கண்ணில் நுரையும் மாதக்கணக்கில் கொறட்டையும் என்றால் மைக்கோபிளாஸ்மா. இது குணமானது போலத் தெரிந்தாலும் உள்ளேயே தங்கும், முட்டை வழியாகக் குஞ்சுக்கும் போகும். குஞ்சுகள் கொட்டாவி விடுவது போல வாயைப் பிளந்து பிளந்து மூடினால் மூச்சுக்குழாயில் புழு. மூச்சோடு பச்சைக் கழிச்சல், கழுத்து முறுக்கிக்கொள்ளுதல், கால் விழுந்துபோதல் என்று சேர்ந்து வந்தால் அது நியூகாசல் நோய். மலாய்க்காரர்கள் சம்பார் ஆயாம் என்பார்கள். தமிழ்நாட்டில் வெள்ளைக்கழிச்சல், ராணிக்கெட். 1926-இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசல் நகரிலும் முதலில் அறியப்பட்ட நோய், அடுத்த சில ஆண்டுகளில் இமயமலை அடிவார ஊரான ராணிக்கெட்டில் அடையாளம் காணப்பட்டு அங்கும் ஒரு பெயர் பெற்றது. இதைக் குணமாக்க மருந்து கிடையாது.

இத்தனை சொன்னது வீட்டிலேயே வைத்தியம் பார்க்க அல்ல. எந்த நோய் என்று வீட்டில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது என்பதைக் காட்டத்தான். ஒரே கொறட்டைச் சத்தத்துக்குப் பின்னால் பத்துக் காரணம் இருக்கிறது. சிலர் மருந்துக்கடையிலோ தீவனக் கடையிலோ கிடைக்கிற ஆன்டிபயாட்டிக் பொடியைத் தண்ணீரில் கலக்கிவிடுகிறார்கள். வைரஸுக்கும் பூசணத்துக்கும் புழுவுக்கும் அது ஒன்றும் செய்யாது. மருந்து மட்டும் முட்டைக்குள் இறங்கும். அந்த முட்டையைத் தின்பது யார்? அதே பிள்ளை. கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக், வேறு மருந்து கேட்காத மனிதர்களுக்குக் கடைசியாகக் கொடுக்கப்படுவது. அதைக் கோழிக்கும் பன்றிக்கும் வாரி இறைத்ததால், மனிதனுக்கே கேட்காமல் போய்விடும் என்று பயந்து 2019-இல் மலேசியாவும் இந்தியாவும் கால்நடைகளுக்குத் தடை செய்தன. கோழிக்கு மருந்து கொடுத்தால் எத்தனை நாள் முட்டையைத் தள்ளி வைக்க வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

செய்யக்கூடியவை கொஞ்சம்தான். மற்றக் கோழிகளிடமிருந்து பிரித்து, காற்றோட்டமுள்ள, புகையில்லாத, கதகதப்பான இடத்தில் வையுங்கள். அடியில் மரத்தூள் வேண்டாம். பழைய துணியோ நாளிதழோ போதும். தீனியைத் தண்ணீரில் குழைத்துக் கொடுங்கள். சமையலறைத் தராசில் தினமும் நிறுத்து எழுதுங்கள். இறகு புஸ்ஸென்று இருப்பதால் மெலிந்தது கண்ணுக்குத் தெரியாது, தராசு காட்டிக்கொடுக்கும். நல்ல கோழிகளைக் கவனித்துவிட்டுக் கடைசியில்தான் நோயாளியிடம் போக வேண்டும். முகக்கவசம் போடுங்கள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், கூண்டுக்குத் தனிச் செருப்பு வையுங்கள். பிள்ளை தூரத்திலிருந்து பேசலாம். மடியில் வைத்துக்கொள்ளக் கூடாது. பிறகு கிளினிக்கைத் தேடுங்கள். நாயும் பூனையும் மட்டுமே பார்க்கிற கிளினிக்குகள் நிறைய, ‘பறவை பார்ப்பீர்களா?’ என்று முதலில் போன் செய்து கேட்டுவிட்டுப் போவது அலைச்சலைக் குறைக்கும். மாநில கால்நடை சேவைத் துறையிடமும் கேட்கலாம்.

இப்போது அந்தக் கத்திக்கு வருவோம்.

1997-இல் ஹாங்காங்கில் எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் முதன்முதலாகக் கோழியிலிருந்து மனிதனுக்குத் தாவியது. 18 பேருக்கு நோய். 6 பேர் இறந்தார்கள். நகரத்திலிருந்த பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கோழிகள் கொல்லப்பட்டன. 2004 ஆகஸ்டில் அது மலேசியாவுக்கு வந்தது. கிளந்தானில், தாய்லாந்து எல்லைக்குப் பக்கத்தில், பாசிர் பெக்கான் என்ற கம்பத்தில். எல்லை தாண்டிக் கொண்டுவரப்பட்ட சண்டைச் சேவல்கள் வழியாக வந்தது என்று நம்பப்பட்டது. 2006-இல் சிலாங்கூர், பேராக், பிறகு பினாங்கு மாநிலத்திலும் தலைகாட்டியது. 2007-இல் சுங்கை பூலோ பக்கம், 2017-இல் மறுபடி கிளந்தான், 2018-இல் சபா. இவற்றில் பெரும்பாலானவை பெரிய பண்ணையில் தொடங்கியவை அல்ல. வீட்டுக் கோழிகளில் தொடங்கியவை. இத்தனை தடவை வந்தும் மலேசியாவில் மனிதர் யாருக்கும் அந்த நோய் உறுதியாகவில்லை. அதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று, தகவல் கிடைத்ததும் துறை வேகமாக இறங்கியது.

எல்லா நாட்டுக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. கம்போடியாவில் 2023 முதல் மீண்டும் மனித மரணங்கள் தொடங்கின, பிள்ளைகளும் இறந்தார்கள். அங்கே விசாரித்தபோது திரும்பத் திரும்பக் கேட்டது ஒரே கதை. கோழி நோயுற்றது, வீட்டில் அறுத்தார்கள், இறகு பிடுங்கினார்கள், குடல் எடுத்தார்கள். நன்றாக வெந்த கறியால் அல்ல ஆபத்து. வேகும் முன் நடக்கிற வேலையால். மூச்சு நோய் கண்ட கோழியின் தொண்டையை அறுக்கும்போது ரத்தமும் சளியும் தெறிக்கும். அந்தத் துளி கண்ணிலும் மூக்கிலும் படும். பக்கத்தில் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்பது யார் என்று சொல்லத் தேவையில்லை. ஒரு கோழி வீணாகக் கூடாது என்று எடுத்த கத்தி அது.

‘துறைக்குச் சொன்னால் வந்து எல்லாக் கோழியையும் கொன்றுவிடுவார்கள்’ என்ற பயம் பலருக்கு. நியாயமான பயம்தான். பறவைக் காய்ச்சல் உறுதியானால் கொல்லத்தான் செய்வார்கள். அதை மறைத்துப் பேசுவதில் அர்த்தமில்லை. ஆனால் ஒரு கோழி கொறட்டை விடுவதால் யாரும் பையோடு வந்து நிற்கப்போவதில்லை. இரண்டு மூன்று நாளில் பல கோழிகள் திடீரென்று மடிந்தால்தான் அது உடனே சொல்ல வேண்டிய செய்தி. ஒரே ஒரு கோழி இறந்தாலும் வாய்க்காலில் வீசாமல், வெறும் கையால் தொடாமல், இரண்டு பைகளில் கட்டி, ஐஸ் வைத்துக் குளிரில் வைத்துவிட்டு, உறைய வைக்காமல், துறையைக் கேளுங்கள். பாலத்தைக் கடந்தால் புக்கிட் தெங்காவில் துறையின் ஆய்வுக்கூடம் இருக்கிறது. ஈப்போவில் 1948 முதல் இயங்கும் கால்நடை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இறந்த கோழியை அறுக்க வேண்டியது அங்கேதான். மிச்சமிருக்கிற கோழிகளைக் காப்பாற்ற அதைவிட நல்ல வழி கிடையாது.

சில கோழிகள் பிழைக்காது. இரண்டு நாளாகத் தண்ணீரும் இறங்காமல், நாக்கு நீலமாகி, ஒவ்வொரு மூச்சுக்கும் உடம்பே குலுங்கினால், ஊசி போட்டு உறங்க வைத்துவிடலாமா என்று டாக்டரிடம் கேட்பதில் பாவமில்லை. பிள்ளையிடம் ‘கோழி பறந்து போயிடுச்சு’ என்று சொல்வது வேண்டாம். கம்பத்துக் கோழி எவ்வளவு தூரம் பறக்கும் என்று பிள்ளைக்கு நன்றாகவே தெரியும்.

வருமுன் காக்க ஒரு வழி இருக்கிறது. அதில் மலேசியாவுக்குப் பெருமையும் உண்டு. நியூகாசல் தடுப்பு மருந்து பண்ணைகளுக்கு எப்போதோ வந்துவிட்டது. கம்பத்துக்கு மட்டும் வரவில்லை. மருந்தைக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். கம்பத்தில் அது ஏது? ஒவ்வொரு கோழியாகப் பிடித்துக் கொடுக்க வேண்டும். ரம்புத்தான் மரத்தில் ஏறித் தூங்குகிற கோழியை யார் பிடிப்பது? 1980-களில் செர்டாங் விவசாயப் பல்கலைக்கழகத்தில், இப்போது அது புத்ரா பல்கலைக்கழகம், பேராசிரியர் அப்துல் லத்திஃப் இப்ராஹிமும் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பீட்டர் ஸ்பிராட்புரோவும் சேர்ந்து இதற்கு ஒரு வழி கண்டார்கள். குயின்ஸ்லாந்துக் கோழிகளில் கிடைத்த, நோய் உண்டாக்காத வி4 என்ற வைரஸிலிருந்து சூடு தாங்கும் வகையைப் பிரித்தெடுத்து, அதைத் தீனியில் பூசி முற்றத்தில் தூவினார்கள். தின்ற கோழிக்குப் பாதுகாப்பு கிடைத்தது. தின்றதன் எச்சத்தின் வழியாகத் தின்னாத கோழிக்கும் பரவியது. சென்னையில் தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் நாட்டுக் கோழிகளுக்கென்று தீனிக் குருணை வடிவில் ஒரு தடுப்பு மருந்தைத் தயாரித்ததும் இதே எண்ணத்தில்தான்.

பட்டணத்தில் இரண்டே கோழி வைத்திருப்பவருக்குச் சிக்கல் வேறு. தடுப்பு மருந்துக் குப்பி ஒவ்வொன்றிலும் நூறு, இருநூறு கோழிக்கு மருந்து இருக்கும். கரைத்துவிட்டால் ஓரிரு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். தனி ஆளாக வாங்கினால் முக்கால் குப்பிக்கு மேல் கீழே கொட்டத்தான் வேண்டும். அதனால் தெருவில் கோழி வைத்திருப்பவர்கள் நாலைந்து பேர், மலாய்க்காரரோ சீனரோ, ஒரு நாளைக் குறித்துக்கொண்டு ஒரு குப்பியைப் பகிர்ந்துகொள்ளலாம். கோழிகளை ஓரிடத்தில் கூட்ட வேண்டாம். மருந்தைத்தான் வீடு வீடாக எடுத்துப் போக வேண்டும். எந்த வகை மருந்து, எத்தனை மாதத்துக்கு ஒரு முறை என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நல்ல உடல்நிலையில் உள்ள கோழிக்கு மட்டுமே போட வேண்டும். ஏற்கெனவே மூச்சு வாங்குகிற கோழிக்கு அல்ல. கண்ணில் ஒரு சொட்டு விட்டு, கோழி ஒரு தடவை கண்ணைச் சிமிட்டும் வரை பிடித்திருந்தால் போதும்.